நாலு வருஷம் பரணில் கிடந்த பிரம்பு

எங்கள் வீட்டுத் தேக்கு நாற்காலியின் பிரம்புப் பின்னல் எந்த வருஷம் கிழிந்தது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. கிழிந்த இடத்தின் மேல் ஒரு பிளைவுட் துண்டை வைத்து நாலு ஆணி அடித்தது நான்தான், அது நினைவிருக்கிறது. "இப்போதைக்கு இருக்கட்டும். பிரம்பு வாங்கி ஒழுங்கா பின்னிடலாம்" என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். அந்த "இப்போதைக்கு" ஆறேழு வருஷம் ஓடியது.

பிரம்பு வாங்காமல் இல்லை. சீர்காழியில் ஒரு கல்யாணம். திரும்பும்போது கொள்ளிடம் பக்கம் தைக்காலில் வண்டியை நிறுத்தினோம். சாலையோரம் வரிசையாகப் பிரம்புக் கடைகள். ஊஞ்சல், தொட்டில், கூடை, மோடா எல்லாம் தொங்கும். நாற்காலி பின்னுகிற மெல்லிய நார் வேண்டும் என்று கேட்டதும் கடைக்காரர் உள்ளே போய்ச் சுருட்டி வைத்த இரண்டு கட்டுகளை எடுத்து வந்தார். இரண்டரை மி.மீ. அகலம், இரண்டும் சேர்ந்து 150 மீட்டர் போல வரும் என்றார். "எத்தனை நாற்காலி?" என்று கேட்டார். இரண்டு என்றேன். "ஒண்ணு பின்னிட்டு அப்புறம் சொல்லுங்க" என்று சிரித்தார். அந்தக் கட்டு வீட்டுக்கு வந்து, பரணில் ஏறி, நாலு வருஷம் அங்கேயே இருந்தது.

அந்த நாலு வருஷமும் நான் சும்மா இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். கடுமையாக உழைத்தேன். நாற்காலிச் சட்டத்தில் எத்தனை ஓட்டை என்று எண்ணி (முன்பக்கம் 27, பின்பக்கம் 23, பக்கவாட்டில் 22, 22, ஆக 94) கணினியில் அட்டவணை போட்டு, எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு நார் போக வேண்டும் என்று வண்ணம் அடித்தேன். முப்பது வீடியோவாவது பார்த்திருப்பேன். ஓட்டைக்கு ஓட்டை 16 மி.மீ. இடைவெளி இருந்தால் இரண்டரை மி.மீ. நார் பொருந்தும், இடைவெளி குறைந்தால் நாரும் மெலிய வேண்டும் என்ற கணக்கு மனப்பாடம். பிரம்பு மரமல்ல, பனைக் குடும்பத்துக் கொடி என்பது தெரியும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விளையும் பிரம்புக்குக் 'கலாமஸ் ரோட்டாங்' என்று 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்ததும் தெரியும். இவ்வளவு தெரிந்தவன் ஒரு நாரைக்கூட ஓட்டைக்குள் விட்டதில்லை.

ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று குறுக்கே வரும். பின்னுவதற்கு முன் மரத்துக்குப் பாலிஷ் போட்டுவிட வேண்டும், பின்னிய பிறகு போட்டால் நாரில் படும். இது சரியான காரணம்தான். ஆனால் பாலிஷ் போட பழைய வார்னிஷைச் சுரண்ட வேண்டும், சுரண்ட நல்ல உப்புத்தாள் வேண்டும், மழைக்காலத்தில் பாலிஷ் வெளுக்கும் என்கிறார்கள், வெயில் வரட்டும். வெயில் வந்தால் நார் சீக்கிரம் காய்ந்துவிடும், கொஞ்சம் குளிரட்டும். திருச்சியில் எந்த மாதம் குளிர்கிறது என்று கேட்கக் கூடாது.

இந்தத் தள்ளிப்போடுகிற புத்தி ஏன் வருகிறது என்றும் படித்தேன். அதைப் படித்ததே இரண்டு மாதத் தள்ளிப்போடல். என் விஷயத்தில் காரணம் சோம்பல் அல்ல என்று அப்போதே புரிந்தது. என் தலைக்குள் அந்த நாற்காலி ஏற்கெனவே பின்னி முடிந்திருந்தது. ஒரு நார் பிசகவில்லை, எண்கோணக் கண்கள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. பரணில் இருந்த கட்டைத் தொட்டால் அது கெட்டுப்போகும்.

பலகையைப் பெயர்த்த நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது சரக்கென்று சத்தம். பிளைவுட்டிலிருந்து தலை நீட்டிய ஆணி புடவையை ஒரு சாண் கிழித்துவிட்டது.

"ஏன்டா, இந்தப் பலகையைப் பிடுங்கிடு. ஓட்டை நாற்காலியாவே இருக்கட்டும், யாரும் உட்கார மாட்டாங்க. அது தேவலை."

திட்டாமல் சொன்னதுதான் குத்தியது. சுத்தியலை எடுத்துப் பலகையைப் பெயர்த்தேன். அடியில் பழைய பின்னல், பொடிப்பொடியாக. கத்தரிக்கோலால் நாலு பக்கமும் வெட்டினேன். மொத்தப் பின்னலும் ஒரு ஓலைச் சல்லடை மாதிரி கையோடு வந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஓட்டைகளில் அடைத்திருந்த நார்த்துண்டுகளைப் பெரிய ஆணி ஒன்றை விட்டு மேலிருந்து தட்டித் தட்டிக் கீழே தள்ளினேன். இதற்கு முக்கால் மணி நேரம். என் பிளைவுட் ஆணி ஒன்று ஒரு ஓட்டையின் விளிம்பைப் பிளந்திருந்தது. அதில் பசை விட்டு நூலால் சுற்றிக் கட்டினேன். ஈரத் துணியால் சட்டத்தைத் துடைத்தேன். பாலிஷ்? அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நாலு வருஷம் பரண் சூட்டில் கிடந்த நார் இன்னும் வளையுமா, ஒடியுமா? அதைப் பார்த்துவிட வேண்டும் அல்லவா? பிரம்பு வேலையில் நாரைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தொட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், இருபது நிமிஷம். ஒரே ஒரு நாரை எடுத்துச் சுருட்டி, வாளித் தண்ணீரில் போட்டேன். பின்னப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. சோதித்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பிற்பாடு எல்லா நாளும் நான் பிடித்துக்கொண்ட கயிறு இதுதான். ஊறிய நார் காத்திருக்காது. ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்தால் நிறம் மங்கிக் கறுக்கும். எடுத்து வெளியே வைத்தால் காய்ந்துவிடும். ஒரு முறை ஊறிக் காய்ந்த நார் மறுமுறை அவ்வளவு இணக்கமாக வளையாது. அதனால் நாரைத் தண்ணீரில் போட்டாயிற்று என்றால் இருபதாவது நிமிஷம் கையில் எடுத்தே ஆக வேண்டும். "இன்றைக்குப் பின்னலாமா" என்று கேட்டுப் பார்த்தால் மனசு நூறு பதில் வைத்திருக்கும். "ஒரு நாரை நனைக்கலாமா" என்று கேட்டால் அதற்கு என்ன பதில் சொல்வது? வாளி இருக்கிறது, குழாய் இருக்கிறது. நனைத்துவிட்டு ஒரு காபி குடித்தால் ஆயிற்று.

நார் ஒடியவில்லை. பாம்பு மாதிரி வளைந்தது.

தம்புராத் தந்தி

பின்னல் மொத்தம் ஆறு அடுக்கு. முதல் அடுக்கு முன்பின்னாகப் போகும் நெட்டு வரிசை. தறிக்காரர்கள் பேச்சில் பாவு. பின்பக்கத்தின் நடு ஓட்டை 12, முன்பக்கத்தின் நடு ஓட்டை 14. நாரின் ஒரு முனையைப் பின் ஓட்டையில் விட்டு, கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, சீவிய மூங்கில் குச்சியை அதே ஓட்டையில் செருகினால் நார் நகராது. பளபளப்பான பக்கம் மேலே இருக்க வேண்டும். நாரை முன்னே கொண்டுவந்து 14ஆம் ஓட்டையில் இறக்கி, அடியில் பக்கத்து ஓட்டைக்குப் போய் மேலே ஏற்றி, மறுபடி பின்னே. அவ்வளவுதான் வேலை. முன்பக்கம் அகலம் கூட என்பதால் 21 வரிசை முழு நீளம் போகும். மீதி நாலும் பக்கத்துக்கு இரண்டாகக் குட்டை வரிசை, பின்பக்கம் போகாமல் பக்கவாட்டு ஓட்டையில் இறங்கும். வரிசைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதுதான் முக்கியம்.

முதல் நாரை இழுத்துக் கட்டினேன். விரலால் சுண்டினால் டங் என்றது. அடடா என்று இருந்தது. இரண்டாவதைச் சுண்டினால் சத்தம் கொஞ்சம் கம்மி. அவிழ்த்து மறுபடி இழுத்தேன். அடுத்தது ஸ்கேலை வைத்துப் பார்த்ததில் ஒரு மி.மீ. சாய்வு. மறுபடி. ஏழாவது வரிசையை மூன்று தடவை அவிழ்த்திருக்கிறேன். அதற்குள் நார் காய்ந்து, அதைத் திரும்ப நனைத்து, அன்று மாலை இருட்டும்போது பதினொரு வரிசைதான். அடுத்த ஞாயிறும் முழுக்க அதே வேலை. இரண்டு நாளும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்கு மேல். 25 வரிசை முடிந்தபோது அது நாற்காலி மாதிரி இல்லை, தந்தி வாத்தியம் மாதிரி இருந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

தொடங்கிவிட்டால் தள்ளிப்போடுகிற புத்தி ஓடிவிடும் என்று சொல்வார்கள். தள்ளிப்போடுவது ஓடியது. அதைப் பெற்றெடுத்த தாய், ஒரு நார்கூடப் பிசகக் கூடாது என்கிற பிடிவாதம், வீட்டிலேயே இருந்தாள், இப்போது கையில் ஸ்கேலோடு.

இரண்டாவது அடுக்கு, முதல் அடுக்கின் மேல் இடவலமாகக் குறுக்கு வரிசை. எதையும் பின்ன வேண்டாம், மேலாகப் போட்டால் போதும். மூன்றாவது அடுக்கு மறுபடி நெட்டு, முதல் அடுக்கு போன அதே ஓட்டைகளில், ஆனால் ஒரு நூல் வலப்பக்கம் தள்ளி. இதுவும் மேலாகத்தான். இரண்டும் வேகமாக நடந்தன. இங்கேயும் இழுத்துத்தான் கட்டினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாலாவது அடுக்கில்தான் பின்னல் என்ற ஒன்று தொடங்குகிறது. குறுக்கே போகும் நார், மூன்றாம் அடுக்கு நாருக்கு மேலும் முதல் அடுக்கு நாருக்குக் கீழும் மாறி மாறி நுழைய வேண்டும். அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் முதல் அடுக்கு நாரைக் கோணி ஊசியால் நெம்பி மேலே தூக்கி, அதன் கீழே நுழைக்க வேண்டும். தூக்கிப் பார்த்தேன். வரவில்லை. தம்புராத் தந்தியை எங்கே தூக்குவது? பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வரிசையை இழுக்க முக்கால் மணி நேரம். நுழைக்கும் நாரின் ஓரம் தேய்ந்து மயிர் மயிராகப் பிரிந்தது. ஆள்காட்டி விரலில் தோல் உரிந்தது. ஆறாவது வரிசையில் முதல் அடுக்கு நார் ஒன்று பட்டென்று நடுவில் அறுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

நாரைக் கீழே போட்டுவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் எல்லோரும் சொன்னதுதான்: முதல் அடுக்கை இறுக்காதே. நானும் என் அட்டவணையில் எழுதி வைத்திருந்தேன், மஞ்சள் வண்ணம் அடித்து. ஆனால் கண் எதிரே ஒரு நார் தொய்ந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் கைக்குத் தெரியவில்லை.

முதல் அடுக்கு தொய்வாக இருப்பதுதான் சரி. பின்னே வரும் ஐந்து அடுக்குகளும் மேலும் கீழுமாக அதை வளைத்து நீளத்தைத் தின்னும். ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கும். கடைசியில் காயும்போது நார் சுருங்கி மிச்சத்தையும் இறுக்கிவிடும். முதல் நாளே இறுகிவிட்டால் பின்னால் வருவதற்கு இடமே இல்லை. முதல் மூன்று அடுக்கும் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அப்போது வரிசை கோணலா நேரா என்று பார்ப்பதிலும் பயனில்லை. நாலாவது அடுக்கு வந்து ஜோடி ஜோடியாகப் பிடித்த பிறகுதான் நார்கள் தங்கள் இடத்துக்கு வரும். நான் ஐந்து மணி நேரம் ஸ்கேல் வைத்துச் சரிபார்த்ததெல்லாம், எப்படியும் நகரப் போகிற நார்களை.

அம்மா காபி டம்ளரோடு வந்து நின்றார். எண்பதுகளில் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு ஒயர் கூடை போட்டுக் கொடுத்தவர். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். அறுந்த நாரைப் பார்த்தார்.

"முடிச்சு போட்டுட்டியா அடியில?"

"இல்லம்மா. எல்லாம் குச்சியிலதான் நிக்குது."

"அப்புறம் என்ன? அவுத்தா வந்துடப் போவுது. நான் ஒவ்வொரு கூடைக்கும் அடியை ரெண்டு தரம் அவுத்திருக்கேன்."

சரி என்று குச்சிகளைப் பிடுங்கினேன். நாலாவது அடுக்கின் ஆறு வரிசை, மூன்றாவது, இரண்டாவது, முதலாவது. பின்னாத அடுக்குகள் என்பதால் இழுத்தால் வந்துவிடும். நாலு ஞாயிற்றுக்கிழமை வேலையும் நாற்பது நிமிஷத்தில் தரையில் கிடந்தது. விசித்திரம் என்னவென்றால், எனக்கு வருத்தமே வரவில்லை. நாலு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான்: செய்து, கெட்டுப்போய், எல்லாம் வீணாவதற்கு. அது நடந்துவிட்டது. மணி அப்போது பதினொன்றரைதான் ஆகியிருந்தது. சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு நாரை எடுத்து வாளியில் போட்டேன்.

இரண்டாம் தடவை

முதல் அடுக்கு: 50 நிமிஷம். போன தடவை ஐந்து மணி நேரம். ஸ்கேலை உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டிவிட்டேன். நார் நடுவில் விரலை வைத்து அழுத்தினால் ஒரு விரற்கடை இறங்க வேண்டும், அது ஒன்றுதான் அளவு. துணிக்கொடி மாதிரி தொங்கியது. என் பெண் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, போன வாரத்தது நல்லா இருந்துச்சே" என்றாள். இந்த முறை போட்டோ எடுக்கவில்லை.

பழைய நாரில் பாதியைத்தான் மறுபடி பயன்படுத்த முடிந்தது. இரண்டு முறை ஊறிக் காய்ந்தவை ஓட்டை விளிம்பில் மடியும் இடத்தில் வெடித்தன. அவற்றைக் குட்டை வரிசைகளுக்கு ஒதுக்கினேன்.

இரண்டாம், மூன்றாம் அடுக்குகளை அடுத்தடுத்த இரண்டு சாயங்காலங்களில் முடித்தேன். ஞாயிறு வரை காத்திருக்கக் கூடாது என்று ஒரு யோசனை. அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு நாரை நனைத்துவிட்டுத்தான் முகம் கழுவுவது. இருபது நிமிஷத்தில் நார் தயார், ஒரு நார் என்பது நாலைந்து மீட்டர், அது தீர்ந்தால் அன்றைய வேலை தீர்ந்தது. பெரும்பாலும் இரண்டாவது நாரையும் நனைக்கத்தான் தோன்றும். தோன்றாத நாளில் விட்டுவிடுவேன்.

இன்னொரு பழக்கமும் தானாக வந்தது. வரிசையை முடித்துவிட்டு நிறுத்துவதில்லை. பாதி வழியில் குச்சியைச் செருகிவிட்டு எழுந்துவிடுவேன். நார் வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். சமையலறைக்குப் போகும்போதும் வரும்போதும் அது கண்ணை உறுத்தும். தள்ளிப்போடுவதைப் பற்றிப் படித்துத் தள்ளிப்போட்ட அந்த இரண்டு மாதத்தில் உருப்படியாகத் தேறியது இந்த ஒன்றுதான். பெர்லினில் உளவியலாளர் குர்ட் லெவினிடம் படித்த மரியா ஓவ்சியான்கினா என்பவர் 1928இல் எழுதிய ஆய்வு. வேலையை நடுவில் தடுத்து நிறுத்தினால், யாரும் சொல்லாமலேயே ஆட்கள் மறுபடி அதைக் கையில் எடுக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் அது சரியாகவே வேலை செய்தது. தொடங்காத வேலையிடம் இந்த வித்தை பலிக்காது, அதற்கு நாலு வருஷம் பரணில் கிடந்த கட்டே சாட்சி.

நாலாவது அடுக்கு மூன்று மணி நேரம், மூன்று சாயங்காலமாக. கோணி ஊசியின் முனையால் முதல் அடுக்கு நாரை மெல்லத் தூக்கினால் வருகிறது, நார் நுழைகிறது, இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் இரண்டு மூங்கில் குச்சிகளால் தள்ளித் தள்ளி ஜோடி சேர்க்க வேண்டும். பத்தாவது வரிசை போனபோது தொங்கிக்கொண்டிருந்த நார்களெல்லாம் நிமிர்ந்து, சின்னச் சின்னச் சதுரங்கள் தெரிந்தன. இந்தச் சமயத்தில்தான் அடியில் தொங்கும் முனைகளை முடிந்தேன். முனையை ஈரப்படுத்தி, பக்கத்தில் ஓட்டைக்கு ஓட்டை போகும் நாரின் கீழே விட்டு இரண்டு சுற்று இழுத்தால் காய்ந்ததும் இறுகிக்கொள்ளும்.

ஐந்தாவது அடுக்கு மூலைவாட்டம். இங்கே ஒரு தப்பு. மூலைவாட்டு நார் ஒரு திசையில் போகும்போது நெட்டு ஜோடிக்கு மேலே, குறுக்கு ஜோடிக்குக் கீழே என்று போனால், எதிர்த்திசையில் போகும் ஆறாவது அடுக்கு அதற்கு நேர்மாறாகப் போகும். எந்தத் திசைக்கு எது என்பதில்தான் விஷயம். சரியாகப் போட்டால் நார் சதுரத்தின் மூலையில் போய் வாகாக உட்காரும், முனையைப் பிடித்து இழுத்தால் சறுக்கும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு சந்திப்பிலும் கடித்துக்கொண்டு நிற்கும். நான் மாற்றிப் போட்டேன். ஏழு நார் போட்ட பிறகுதான் "ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது" என்று தோன்றியது. அட்டவணையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அட்டவணை எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடவில்லை. இரண்டு நாரை இரண்டு விதமாகப் போட்டு இழுத்துப் பார்த்தேன், இரண்டு நிமிஷத்தில் விரலுக்கே தெரிந்துவிட்டது. ஏழையும் உருவிப் போட்டுவிட்டுத் திருப்பித் தொடங்கினேன்.

ஐந்துக்கும் ஆறுக்கும் தலா இரண்டரை மணி நேரம். மூலை ஓட்டைகளில் இரண்டு நார் இறங்கும், பதற வேண்டாம். ஆறாவது அடுக்கில் இடம் நெருக்கடி. நாரின் முனையைச் சாய்வாக நறுக்கிக் கூராக்கிக்கொண்டால் நுழைக்கச் சுலபம். சதுரங்கள் ஒவ்வொன்றாக எண்கோணமாக மாறுவதைப் பார்க்கிறபோது ஒரு கிறுக்கு பிடிக்கிறது. அன்று இரவு பன்னிரண்டு மணி வரை பின்னிக்கொண்டிருந்தேன். காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்து பின்னாதீர்கள், நாற்காலியை ஒரு ஸ்டூலின் மேல் தூக்கி வையுங்கள்.

கடைசியில் ஓரம். கொஞ்சம் அகலமான நார் ஒன்றை ஓட்டைகளின் மேலேயே சுற்றிலும் படுக்கவைத்து, மெல்லிய நாரால் ஓட்டைக்கு ஓட்டை தைத்துக்கொண்டே போவது. ஓட்டையின் வழியே மேலே வந்து, அகல நாரைத் தாண்டி, அதே ஓட்டையில் இறங்க வேண்டும். ஒன்றரை மணி நேரம். நீட்டிக்கொண்டிருந்த சிலும்புகளை மெழுகுவர்த்தியைச் சட்டென்று காட்டிப் பொசுக்கினேன். ஈரத்தோடு இருக்கும்போது செய்தால் நார் கருகாது.

இரண்டு நாள் யாரையும் உட்காரவிடவில்லை. மூன்றாம் நாள் விரலால் தட்டினால் கஞ்சிரா மாதிரி பேசியது. எந்தத் தம்புராச் சுருதியை நான் முதல் நாளே வரவழைக்கப் பார்த்தேனோ அது கேட்காமலே வந்திருந்தது.

கணக்கு எழுதினால், இரண்டாம் தடவைக்கு மொத்தம் 12 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கெடுத்ததையும் சேர்த்தால் 100 மீட்டருக்கு மேல் நார். பக்கத்து வீட்டு அண்ணன், "பிளாஸ்டிக் ஒயர்ல போட்டிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும், தண்ணி பட்டாலும் கவலை இல்ல" என்றார். வெயில் மழை படும் திண்ணைக்கு அவர் சொல்வது சரி. ஆனால் சித்திரை மாத மத்தியானத்தில் பிளாஸ்டிக் ஒயரில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு என் பக்க நியாயமும் தெரியும். பிரம்புக்கும் பராமரிப்பு உண்டு. ரொம்பக் காய்ந்துபோனால் ஒடியும், அவ்வப்போது அடிப்பக்கத்தில் ஈரத் துணியால் ஒற்றிவிட வேண்டும். மேல்பக்கப் பளபளப்பில் தண்ணீர் இறங்காது. முட்டி போட்டு ஏறிப் பரணில் எதையாவது எடுக்கக் கூடாது, அது எந்தப் பின்னலையும் கிழிக்கும்.

குறை இருக்கிறதா என்றால், இருக்கிறது. மூன்றாம் அடுக்கில் இடமிருந்து ஒன்பதாவது நார் பாதியில் புரண்டு, மங்கலான பக்கம் மேலே வந்திருக்கிறது. ஐந்தாவது அடுக்கு முடியும்போதுதான் பார்த்தேன். எடுக்க வேண்டுமானால் இரண்டு அடுக்கைப் பிரிக்க வேண்டும். அன்று ராத்திரி சாப்பிடும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, ஆறாவது அடுக்குக்கான நாரை நனைத்தேன். இப்போதும் அந்த நாற்காலியைக் கடக்கும்போது என் கண் முதலில் அங்கேதான் போகும். அம்மா அதன் மேல்தான் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்.

ஜோடி நாற்காலி ஒன்று மாடியில் இருக்கிறது. அதன் பின்னல் இன்னும் கிழியவில்லை, தொய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாரமாக "முதல் நாற்காலி அனுபவத்தை எழுதி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடலாம், மறந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்து மூன்றாம் பத்தியிலேயே இது எந்த ஜாதி யோசனை என்று புரிந்துவிட்டது. எழுந்து போய் ஒரு நாரை வாளியில் போட்டுவிட்டு வந்து மிச்சத்தை எழுதினேன். பழைய பின்னலை இன்னும் வெட்டவே இல்லை. இருபது நிமிஷம் எப்போதோ ஆகிவிட்டது, நார் கறுப்பதற்குள் கத்தரிக்கோலைத் தேட வேண்டும்.